ஐந்தாம் எண் கேசட்

டமார்!

பழைய ஐஸ் ஃபேக்டரியின் பின்சுவர் ஒரு முறை குலுங்கியது. ஜெனரேட்டர் அறையிலிருந்து கரும்புகை சுருண்டு வந்தது. மேடை விளக்குகள் செத்தன. இரண்டு கிட்டார்களும் செத்தன. டிரம்மர் ஓங்கிய குச்சிகளை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

பாட்டுக்கு அடியில் எப்போதும் கேட்கும் அந்த ஓலம் மட்டும் நிற்கவில்லை.

ஒரே சுருதியில், நீளமாக ஒலித்துக்கொண்டே இருந்தது. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் கறுப்பு டி-ஷர்ட் போட்ட அறுபது பேரும் ஒரு கணம் மலைத்து நின்றார்கள். பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டினார்கள்.

"கரன்ட் போனாலும் ஓலம் போவல பாரு மச்சான்! இதான் கருங்குடல்!"

தேசிங்கு கைதட்டவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்திலும் முதலில் விளக்கைப் பார்க்கிற பழக்கம் உள்ளவன். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதிர்வே இல்லை.

பின்னே சத்தம் எங்கிருந்து வருகிறது?

மேடையில் வேதகிரி செத்துப்போன மைக்கைக் கீழே போட்டுவிட்டு வெறும் தொண்டையில் உறுமினான். குடலைக் கிழித்துக்கொண்டு வருவது போன்ற உறுமல். இந்த மாதிரி மெட்டல் இசையில் பாடகர் பாடுவதில்லை, உறுமுவார். கேட்டுப் பழகாதவர்களுக்கு ஆடு அறுக்கிற இடம் ஞாபகம் வரும். பழகியவர்களுக்கு வேறெதுவும் ருசிக்காது. போன மாதம் இங்கே வைத்துக் கேட்ட கருங்குடல் குழுவின் புது ஆல்பத்தில் வேதகிரியின் குரலுக்காகவே ரசிகர்கள் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். 'மாதத்துக்கு மாதம் ஆழம் கூடுகிறது. இது பயிற்சி அல்ல, தவம்' என்று ஒருவன் எழுதியிருந்தான்.

உறுமல் பாதியில் அறுந்தது. வேதகிரி இருமினான். முன்னால் சாய்ந்து மேடையிலிருந்து அப்படியே விழுந்தான்.

கூட்டம் அவனைக் கைகளில் ஏந்திக்கொண்டது. கீழே விழுந்தவனைத் தரையில் விடக்கூடாது என்பது இவர்களுடைய சட்டம். தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி, ஆரவாரத்தோடு, வாசல்வரை கொண்டுபோனார்கள். வேண்டுமென்றே குதித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தேசிங்கின் தலைக்கு மேலே வந்தபோது அவன் முகம் தெரிந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன.

*

வாசலில் வழக்கம்போலக் காந்தங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

காந்தம் இல்லாமல் இந்த இசையைக் கேட்க முடியாது. ஒரு வயது முடிந்ததும் மொட்டையடித்துக் காது குத்தும்போதே காதுக்குப் பின்னால் சல்லடையும் வைத்துவிடுகிறார்கள். அரசாங்கத் திட்டம், இலவசம். ஹாரன், டிரில்லிங் மெஷின், பக்கத்து வீட்டு மிக்ஸி எதுவும் மூளைக்குப் போகாமல் வடிகட்டிவிடும். ஊரே நிம்மதியாகத் தூங்குகிறது. கஷ்டம் என்னவென்றால், சல்லடை வேதகிரியின் குரலையும் லாரி ஹாரன் கணக்கில் சேர்த்து அழித்துவிடும். காதுக்குப் பின்னால் சட்டைப் பித்தான் அளவு காந்தம் ஒன்றை ஒட்டினால் சல்லடை தூங்கிவிடும். சட்டப்படி குற்றம். தெருவில் ஒட்டிக்கொண்டு போனால் கேமரா கண்டுபிடித்துவிடும். அதனால் இந்த ஐஸ் ஃபேக்டரி ஷெட்டுக்குள் மட்டும்.

தேசிங்கு காந்தத்தை எடுத்த நொடியில் ஓலம் காணாமல் போனது. எப்போதும் அப்படித்தான் போகும். ஷோ முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

காந்தத்தைக் கூடையில் போடுவது போலப் பாவனை செய்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஷெட்டுக்கு வெளியே வேதகிரியை மரத்தடியில் உட்காரவைத்து கிட்டாரிஸ்ட் சிக்கந்தர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"சிக்கந்தரு, ஒண்ணு கேக்கணும். ஓலத்துக்கு எந்த மெஷின் வெச்சிருக்க?"

"மெஷினா? கலாய்க்கிறியா மச்சான்? அது நாங்க இல்ல. ஷெட்டு."

"ஷெட்டா?"

"பழைய பைப்புங்க இருக்குதுல்ல, அதுல காத்து பூந்து ஊதுது. நாங்க அதுக்குத்தான் கிட்டாரையே சுருதி சேக்குறோம். செமையா ஒத்துப்போவுது."

"ஆல்பத்துல 'ஓலம்: கருங்குடல்'னு போட்டிருக்கீங்களே?"

"ஜனம் கைதட்டுச்சு, போட்டுக்கினோம். பைப்புக்கா பேர் போட முடியும்?"

"மொத நாலு ஷோவுல ஓலம் இல்லையே. அப்ப பைப் இல்லையா?"

சிக்கந்தர் தலையைச் சொறிந்தான். "அப்ப காத்து இல்ல போல. நீ வேற, அஞ்சாவது ஷோவுக்கு வராம போனவன்லாம் ஓலத்தப் பத்திப் பேசலாமா? அன்னிக்கித்தான்டா அது மொத மொத வந்துச்சு. இப்படி ஒரே நீட்டா இல்ல. ஏறி ஏறி இறங்குச்சு. அறுபது பேரும் கூடவே ஊளை வுட்டோம். உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆறாவதுலயும் அதே மாதிரி."

ஷோ ஆரம்பிக்குமுன் அறுபது பேரும் ஏற்றி இறக்கி ஊளையிடுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. தேசிங்குக்கு அந்தக் கதை காது புளித்த கதை. ஐந்தாவது ஷோ அன்று தாம்பரத்து ஆஸ்பத்திரியில் அவன் மனைவிக்குப் பிரசவம். ஆறாவது ஷோ அன்று குழந்தைக்குப் பேர் வைக்கிற நாள். இரண்டையும் தவறவிட்டதற்காக இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு வயிற்றெரிச்சல்தான்.

வேதகிரி மெல்லக் கண் திறந்தான். மீன் ஏலக்கூடத்தில் ஏலம் விடுகிறவன். இருபத்தாறு வயது.

"எப்பிடி இருந்துச்சு?" என்றான் கரகரவென்று.

"செம்ம வாய்ஸுடா," என்றான் சிக்கந்தர்.

"வேதா, டாக்டராண்ட காட்டினியா?" என்றான் தேசிங்கு.

"சிகரெட்ட நிறுத்துன்றாரு. நான் எங்கய்யா சிகரெட்டு புடிச்சேன்?" சிரிக்க முயன்று இருமினான். "காலையில ஏலத்துல குரலே எழும்ப மாட்டுது தேசிங்கு. வேற ஆள வெச்சுட்டாங்க. ஆனா இங்க வந்து வாயத் தொறந்தா மட்டும் தானா வருது. நான் பண்றதில்ல. அதுவா வருது."

வாயைத் துடைத்த கைக்குட்டையை மடக்கினான். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கறை. சிக்கந்தர் அதைப் பார்க்கவில்லை. தேசிங்கு பார்த்தான்.

*

முத்துக்குப்பம் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறக்கும்போதே குழந்தை ரூத்தின் அழுகை வரவேற்றது.

"வந்தியா? புடி உன் பொண்ண," என்றாள் அல்போன்சா. "மத்தியானத்துல இருந்து ஒரே கத்து. தாம்பரத்துல எங்கம்மா வீட்ல இருந்த வரைக்கும் கம்முனு இருந்துச்சு. இங்க வந்த நாள்ல இருந்து இதே ரோதனை. கீழ் வீட்டுக் குழந்தையும் இப்பிடித்தான் அழுவுதாம். தண்ணிதான் சரியில்லன்றாங்க."

தேசிங்கு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தான். மாதம் ஒன்றாக நடந்த கருங்குடலின் ஒவ்வொரு ஷோவும் கேசட்டில் இருந்தது. ஷோவுக்கு அறுபத்தாறு பிரதி, கையால் எண் போட்டது. செல்ஃபோனில் பதிவு செய்தால் ஃபோனே சல்லடை போட்டு வடிகட்டிவிடும் என்பதால் இந்தக் கூட்டம் பாட்டன் காலத்துக் கேசட்டைத் தூசி தட்டி எடுத்திருந்தது. வீட்டில் கேட்டால் ஓலம் கேட்காது. கேசட்டில் ஏறாத அதிசயம் என்று பேசிக்கொள்வார்கள்.

பதினோராம் கேசட்டைப் போட்டான். கரகரப்புக்கு நடுவில் மழுங்கிப்போன டிரம் சத்தம். ஓலம் இல்லை.

காந்தத்தைக் காதுக்குப் பின்னால் ஒட்டினான்.

ஓலம் இருந்தது. டிரம்முக்கு அடியில், கிட்டாருக்கு அடியில், ஒரே நீளமாக. அப்படியானால் கேசட்டில் ஏறித்தான் இருக்கிறது. சல்லடைதான் அதைத் தின்றிருக்கிறது. பைப்பில் ஊதும் காற்றைச் சல்லடை ஏன் தின்ன வேண்டும்?

பொத்தானை அழுத்தினான். கேசட் 'டக்'கென்று நின்றது.

ஓலம் நிற்கவில்லை.

தேசிங்கு பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தான். மெல்லத் திரும்பினான். சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. உப்பங்கழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஊர் முழுவதையும் போர்வை போல மூடிக்கொண்டு. கீழே ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். யாரும் தலை நிமிரவில்லை.

தோளில் ரூத் அழுதுகொண்டிருந்தாள். எட்டு மாதக் குழந்தை. இன்னும் சல்லடை வைக்காத காது.

"அல்போ," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "இத ஒட்டிக்க."

"யோவ், இது கேஸாவும். நான் சல்லடை சென்டர்ல வேல பாக்குறவ. வேலையே போயிடும்."

"ஒரே ஒரு நிமிசம். ஜன்னல் பக்கமா வா."

ஒட்டிக்கொண்டாள். ஐந்து விநாடி. அவள் கை தானாக வந்து குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டது.

"இது எம்மா நாளா?"

"ஏழாவது ஷோவுல இருந்து. ஆறு மாசம்."

"ஃபேக்டரி சங்குய்யா இது." கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "கழிக்கு அந்தாண்ட சாயத்துக்கு மருந்து பண்ற கம்பெனி இருக்குல்ல. போன வருசம் அதுல சென்சார் கெட்டுப்போய் சும்மா சும்மா சங்கு ஊதிச்சு. நீ கூட திட்டினியே. எங்க சென்டருக்கு மட்டும் நாலாயிரம் புகார். மூணு நாள் ஒருத்தரும் திரும்பிப் பாக்காத சத்தம்னா சல்லடை அத இரைச்சல்னு கத்துக்கும். ஒரு காது கத்துக்கிட்டா ஊர்ல இருக்கிற எல்லா காதும் கத்துக்கும். அப்பிடித்தான் செஞ்சு வெச்சிருக்கு."

"சங்கையே அழிச்சிடுச்சா?"

"அந்தக் கம்பெனிகாரம்மா ஒருத்தங்க சென்டருக்கே வந்து கத்தினாங்க. 'நாளைக்கு நெசமாவே ஊதினா எவன் காதுல விழும்?'னு. மங்கையர்க்கரசின்னு பேரு. சேஃப்டி ஆபீசர். எங்க மேனேஜர் காபி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு." நிறுத்தினாள். "யோவ், நம்ம தெருவுல நாய் பாத்து எம்மா நாளாச்சு?"

தேசிங்கு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பத்து நிமிடத்தில் பையைக் கட்டினார்கள். தேசிங்கு ஜன்னலோரத்தில் டேப்ரிக்கார்டரை வைத்து, ஊதிக்கொண்டிருந்த சங்கை ஒரு புதுக் கேசட்டில் பிடித்துக்கொண்டான். அவசர எண்ணைக் கூப்பிட்டான். "சங்கா சார்? ஃபோனை வெளிய நீட்டுங்க... ஒண்ணும் கேக்கலையே," என்றது எதிர்முனை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சத்தமா? இன்னா சத்தம்?" என்றார் பக்கத்து வீட்டு ஆறுமுகசாமி லுங்கியை மடித்துக்கொண்டே. "காந்தமா? அய்யய்யே, என் ரேஷன் கார்டுல கை வெச்சிடுவான். நீ மாசா மாசம் ஞாயித்துக்கிழமை அந்த ஐஸ் ஃபேக்டரியாண்ட போய் ஊளை வுடுற கோஷ்டிதான? போப்பா."

தேசிங்கு பைக்கை உதைத்தான். தாம்பரம் போகிற வழியெல்லாம் அல்போன்சா பின்னால் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ரூத் அழுகையை நிறுத்தினாள். அந்த நிசப்தம்தான் அவர்களை அதிகமாகப் பயமுறுத்தியது.

*

மறுநாள் காலை, அம்பத்தூரில் மங்கையர்க்கரசியின் வீடு. தொழிற்சாலையை ஆளில்லாமல் தானே இயங்கும்படி மாற்றியபோது வேலையை இழந்தவர். நாற்பத்தைந்து வயது. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறார். தேசிங்கு சொன்னதை முழுவதும் கேட்டார். காந்தத்தை வாங்கி, ஒரு தயக்கமும் இல்லாமல் ஒட்டிக்கொண்டார்.

"போடுங்க தம்பி."

ஜன்னலோரத்தில் பிடித்த கேசட் ஓடியது. தேசிங்கின் காதில் வெறும் கரகரப்பு. மங்கையர்க்கரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் முதலில் இறுகியது. பிறகு, அவன் எதிர்பார்க்காத விதமாக, தளர்ந்தது. நீளமாக மூச்சு விட்டார்.

"பயப்படாதீங்க. இது அபாயச் சங்கு இல்ல."

"இல்லையா மேடம்?"

"இப்படி ஒரே நீளமா ஊதினா அபாயம் நீங்கிடுச்சுன்னு அர்த்தம். எல்லாரும் வீட்டுக்குத் திரும்பலாம்னு. நான்தான் இந்த ஏற்பாட்டையே செஞ்சேன். இதை நிறுத்த ஒரு ஆள் உள்ள போய் சாவியைத் திருப்பணும். அங்க வாட்ச்மேனைத் தவிர ஆளே கிடையாது. வாட்ச்மேன் காதுலயும் சல்லடை. அதான் பாட்டுக்கு ஊதிக்கிட்டிருக்கு."

 தேசிங்குக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. உடனே அல்போன்சாவுக்கு ஃபோன் செய்து, "ஒண்ணுமில்லையாம் அல்போ! அபாயம் போச்சுன்னு ஊதுதாம்!" என்றான். அந்தப் பக்கம் அவள் விசும்புவது கேட்டது.

மங்கையர்க்கரசி காபி கொண்டுவந்து வைத்தார். உட்காரவில்லை.

"ஆனா தம்பி, அபாயம் நீங்கின சங்கு தானா ஊதாது. அதுக்கு முன்னாடி அபாயச் சங்கு ஊதியிருக்கணும். எப்போ ஊதிச்சு?"

"தெரியல மேடம். எங்க ஊர்ல யாருக்கும் எதுவும் கேக்கலையே."

"சும்மா டெஸ்டா ஊதியிருந்தா நல்லது. நெசமா ஊதியிருந்தா..." ஜன்னல் பக்கம் பார்த்தார். "அந்தத் தொட்டியில இருக்கிறது வாடை இல்லாத கேஸ். காத்தை விடக் கனம். மாடிக்கு ஏறாது. தரையோட தவழ்ந்து வந்து பள்ளமா இருக்கிற இடத்துல தேங்கும். உடனே ஒண்ணும் பண்ணாது. உள்ள போய் மெதுவா நுரையீரலை அரிக்கும். முதல்ல குரல் கட்டும், அடித்தொண்டைக்கு இறங்கும். கசிவு நின்னாலும் அது நிக்காது."

தேசிங்கு காபியைக் கீழே வைத்தான். ஐஸ் ஃபேக்டரி ஷெட்டுக்குள் நுழைய மூன்று படி கீழே இறங்க வேண்டும். ஐஸ் கட்டிகளைச் சேர்த்துவைப்பதற்காகப் பள்ளமாகக் கட்டிய இடம். ஷோவில் ஆடி ஆடி மூச்சு வாங்கும்போது எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள்.

"அது எப்படி ஊதும் மேடம்? அபாயச் சங்கு?"

"ஊதியிருந்தா ஒருத்தர் காதுலயாவது விழுந்திருக்கணுமே தம்பி. ஊர்ல ஒருத்தராவது சல்லடை இல்லாம இருந்திருக்கணுமே."

 தேசிங்கு பையைத் திறந்தான். வீட்டை விட்டு ஓடிவந்தபோதும் கேசட்டுகளை விட்டுவரத் தோன்றவில்லை. ஒரு வருடப் பழக்கம். வரிசையில் தேடி, கையெழுத்தில் '5' என்று போட்டிருந்ததை எடுத்தான். அட்டையில் சிக்கந்தரின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'குரல் முழுவதும் மனிதக் குரல். எந்தக் கருவியும் இல்லை.'

கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். 

காந்தம் அவரிடம் இருந்தது. அவனுக்கு ஓலம் கேட்கவில்லை. கூட்டத்தின் குரல் மட்டும் சல்லடையில் வடிந்து மெலிசாகக் கேட்டது. சிக்கந்தரின் குரல், டிரம்மரின் குரல். எல்லோருக்கும் மேலே வேதகிரி. அப்போது அவன் குரல் ஏலக்காரனின் வெண்கலக் குரல். அறுபது தொண்டைகள் ஒன்றாக ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. நடுவில் சிரிப்பு. யாரோ "இன்னா ஃபீலு மச்சான்!" என்று கத்தினார்கள்.

மங்கையர்க்கரசி வலது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் எதையோ எண்ணுவது போல அசைந்தன. ஒரு நிமிடம் முழுசாக ஓடியது. காதிலிருந்து காந்தத்தை மெதுவாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எந்த மாசம்?"

"எங்க குழந்தை பொறந்த அன்னிக்கு. அடுத்த மாசமும் இதே மாதிரிதான் ஊதிச்சாம். நான் ரெண்டுக்கும் போகல."

"குழந்தை?"

"அப்ப தாம்பரத்துல. அவ அம்மா வீட்ல. எட்டாவது ஷோவுக்கு அப்புறந்தான் கூட்டிக்கினு வந்தேன்."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குள்ள தொட்டி காலியாகியிருக்கும்," என்றார். அதில் ஆறுதல் எதுவும் இல்லை. அவர் கண்கள் இன்னும் டேப்ரிக்கார்டர்மேல்தான் இருந்தன. கேசட்டில் ஊளை ஏறிக்கொண்டிருந்தது. "இதுல எத்தனை பேரு?"

"அறுபது பேரு மேடம். எல்லாரும் எங்க பசங்கதான்." அவன் கேசட்டை நிறுத்தினான். "ஏன் மேடம்?"

"ஓடிடுங்க, ஓடிடுங்கன்னுதான் தம்பி சங்கு கதறியிருக்கு. ஊரிலேயே அது காதுல விழுந்த அறுபது பேரும் ஓடாம, கூடச் சேர்ந்து பாடியிருக்காங்க."